குட்டிப் பன்றி குட்டியாகவே இருக்காது
(லயத்துக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



டீவியில் வெளிநாட்டுக் குட்டிப் பன்றியைப் பார்த்துவிட்டு, "நமக்கும் ஒன்னு வேணும்" என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். ஆசை தப்பில்லை. பன்றி புத்தியுள்ள சீவன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும். ஆனாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

வியட்நாம் தொந்திப் பன்றி 1985இல் கனடாவுக்குப் போனது. பிறகு அமெரிக்காவிலும் வீட்டுக்குள் வளர்த்தார்கள். அது 50, 60 கிலோவானதும் பலர் கைவிட்டார்கள். விற்பவர் தாயைக் காட்டி "இவ்வளவுதான் வளரும்" என்பார். பன்றி ஒரு வயதுக்குள்ளேயே குட்டி போடக்கூடியது. அந்தத் தாயே இன்னும் வளர்கிற வயசு! ஆயுசோ 15 வருசம் மட்டில். நம்ம காம்பராவில் அதை எங்கே வைப்பது?

இன்னொன்று. 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்கும் வந்தது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கு வந்தால் மருந்தில்லை. ஆகவே, பன்றி வளர்க்கிறவர்கள் இறைச்சி பட்ட மிச்சச் சோற்றை அதற்குப் போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன்னே அரசாங்க மிருக வைத்தியரைக் கேளுங்கள். இடமில்லை என்றால், பிள்ளையிடம் இன்றைக்கே "வேணாம்" என்று சொல்லுங்கள். வளர்த்த சீவனை ரோட்டில் விடுவதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டாம்.