தொண்டையில் அடைப்பென்று எண்ணாதீர்

நேற்றுவரை சாந்தமாய் அசைபோட்டுக்கொண்டிருந்த பசு, இன்று தவிட்டுத் தொட்டியில் வாய்வைத்தும் விழுங்க மாட்டாமல், எச்சில் நூல்நூலாக ஒழுக, கரகரத்த குரலில் ஓயாது கதறி நிற்குமானால், மாங்கொட்டையோ கிழங்கோ தொண்டையில் அடைத்துக்கொண்டதென்று கருதி, வாயைப் பிளந்து கையை நுழைத்துப் பார்ப்பது குடியானவர்களின் வழக்கம். பரிவினால் செய்யும் அந்தக் காரியமே சில சமயம் பிராணாபத்தாய் முடிகிறது; ஏனெனில், அவை வெறிநோயின் குறிகளாகவும் இருக்கலாம்.

வெறிநாய் கடித்துச் சில வாரங்கள், ஏன், மாதங்கள் கழிந்தபின்னரே மாட்டினிடம் நோய் வெளிப்படுவதால், கடித்த சம்பவத்தையே வீட்டார் மறந்திருப்பார்கள். கிருமியோ நரம்பின் வழியே மெல்ல மூளையை அடைந்து, அங்கிருந்து எச்சிலுக்கும் வந்து சேர்ந்திருக்கும். புல்லறுத்த கையிலுள்ள சிறு சிராய்ப்பே அது நுழையப் போதுமான வாசல்.

பாலைப் பற்றி வீண் பீதி வேண்டாம். காய்ச்சினால் கிருமி அழிந்துவிடும். ஆயினும் நோய்கண்ட மாட்டின் பாலை உபயோகிக்கலாகாது. பச்சையாகக் குடித்தவர்கள் வைத்தியரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

குறிகள் தோன்றியபின் இந்நோய்க்கு நிவாரணமில்லை என்றாலும், அதற்கு முன்னரே தடுக்கும் உபாயத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1885ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் பிரயோகித்துக் காட்டினார். நம் குன்னூரிலும் அவர் பெயரால் 1907இல் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. மந்திரிப்பு, பச்சிலை என்று காலம் கடத்துவதற்கு இனி என்ன நியாயம்?

ஆகவே, எச்சில் பட்ட காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, தவணை தவறாமல் போட்டு முடியுங்கள். மாட்டை நாய் கடித்தாலும் அவ்வாறே கழுவி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.