கழிச்சது வேற, கொடுத்தது வேற
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தவணை பத்தியெல்லாம் எனக்கு முன்னால பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் பேச வந்தது நம்ம வீட்டுப் பரணைப் பத்தி. சிரிக்கிறீங்க. ஆனா ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள உங்க பரணை ஒரு தடவை ஏறிப் பாருங்க. 2011-ல அரசு கொடுக்க ஆரம்பிச்ச விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. மாமியாருக்கு ஒண்ணு, மருமகளுக்குச் சீர்ல வந்தது ஒண்ணு. பேர் வெட்டின எவர்சில்வர் குடம், கல்யாணத்துல வந்த டிபன் கேரியர், பிள்ளைங்களுக்குச் சின்னதாப் போன துணி. எடுத்துக் கொடுக்கவும் மனசு வராது, வச்சிருந்தும் புழங்க மாட்டோம்.

இதைக் கொடுங்கன்னு சொல்ல மட்டும் நான் வரலை. எப்படிக் கொடுக்கணும்னு சொல்ல வந்தேன். அதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேலே உயிர் போச்சு. எங்க குழுவிலேயும் துணி சேர்த்தோம். நானும் ஒரு மூட்டை கட்டினேன். அதுல ஓரம் கிழிஞ்ச புடவை இருந்துச்சு, ஊக்கு போன ரவிக்கை இருந்துச்சு. துவைக்கக்கூட இல்லை. 'ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு இது போதாதா'ன்னு நெனச்சேன். வீடும் சுத்தமாச்சு, புண்ணியமும் கெடைச்சாச்சு.

அப்புறம்தான் கேள்விப்பட்டேன். ஊர் ஊரா வந்து இறங்கின பழந்துணி, நாகைப் பக்கம் ரோட்டோரத்தில் குவிஞ்சு கிடந்துச்சு. கடலுக்குப் போய்ச் சம்பாதிச்சு நிமிர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் அவங்க. அடுத்தவங்க உடுத்திக் கழிச்ச கந்தலைத் தொட அவங்களுக்கு மனசு வரலை. 'கொடுத்தா வாங்க மாட்டேங்குறாங்களே'ன்னு அன்னைக்கு நானும் பேசினேன். இதை இன்னைக்கு வெக்கப்பட்டுத்தான் சொல்றேன்.

பதினாலு வருஷம் கழிச்சு எனக்குப் பாடம் வந்துச்சு. 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில கரை ஏறிச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் சாஞ்சு போச்சு. எங்க வீட்டு ஓடு பறந்துடுச்சு. வாரக் கணக்கா கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால குடிக்கத் தண்ணி இல்லை.

நிவாரண லாரி வந்துச்சு. நானும் வரிசையில நின்னேன். எனக்குக் கெடைச்ச மூட்டையைப் பிரிச்சா, ஒத்தைக் கால் செருப்பு, ஜிப்பு போன பேண்ட், சாயம் போன புடவை ஒண்ணு. அதுக்கு ரவிக்கையும் இல்லை, உள்பாவாடையும் இல்லை. யார் அனுப்பினாங்களோ தெரியாது. ஆனா அந்த மூட்டையைக் கட்டின கை எனக்குத் தெரிஞ்ச கைதான். 2004-ல நான் கட்டின மூட்டையே என் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

மறுநாள் இன்னொரு பை வந்துச்சு. சின்னப் பைதான். அதுல மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, புது நைட்டி, ரெண்டு உள்பாவாடை, ஒரு நாப்கின் பாக்கெட். அந்த நாப்கினைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. வீட்டுல வயசுக்கு வந்த பொண்ணு ரெண்டு நாளா யார்கிட்டயும் சொல்ல முடியாமத் தவிச்சுக்கிட்டு இருந்தா. 'அவங்களுக்கு இப்ப என்ன தேவைப்படும்'னு யாரோ ஒருத்தி உட்கார்ந்து யோசிச்சிருக்கா. முதல் மூட்டை கழிச்சது. ரெண்டாவது பைதான் கொடுத்தது.

தில்லியில் 1999-ல் அன்ஷு குப்தா என்பவர் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு இதைத்தான் வேலையாகவே செய்கிறது. வர்ற பழைய துணியைத் தரம் பிரிச்சு, யாருக்கு எது ஆகும்னு பார்த்து அனுப்புவாங்க. உடுத்த முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் பண்ணி மாதவிடாய்த் துணியாத் தைப்பாங்க. கிராமத்து ஜனங்க குளம் தூர்வாரி, பாதை போட்டு, அதுக்குக் கூலியாப் பொருளை வாங்கிக்குவாங்க. தர்மம் வாங்கினோம்ங்கிற கூச்சம் அங்கே இல்லை. அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கொடுத்தாங்க. நம்ம திருநெல்வேலியிலேயும் 2017-ல் மாவட்ட நிர்வாகம் 'அன்புச் சுவர்' தொடங்கினது. வேண்டாததை வச்சுட்டுப் போகலாம், வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம். யார் கையையும் எதிர்பார்த்து நிக்க வேண்டாம்.

நாமும் செய்யலாம். போகிக்குப் பழசைக் கொளுத்திப் புகையை விடறதுக்கு முன்னாடி, மார்கழியில ஒரு நாள், ஒவ்வொரு ஊராட்சியிலேயும் பொருள் பகிர்வு நாள் வைப்போம். அதுக்கு என் யோசனைகள்:

1. முதல்ல தேவையைக் கேட்போம். குழுக் கூட்டத்துல பேர் எழுதாத சீட்டு வாங்கினா, கூச்சப்படறவங்களும் கேட்பாங்க.

2. துணியைத் துவைச்சு, மடிச்சு, புடவைன்னா ரவிக்கையோட வைப்போம். உள்ளாடையும் நாப்கினும் புதுசு மட்டும்தான். அதுக்குக் குழுவிலேருந்து ஆளுக்குக் கொஞ்சம் போடலாம்.

3. மிக்ஸி, கிரைண்டரை ஓட்டிப் பார்த்துட்டுக் கொடுப்போம். ஓடலைன்னா ரிப்பேர் பண்ணிட்டுக் கொடுப்போம்.

4. மேசையில பரப்பி வைப்போம். வர்றவங்க தானே பார்த்து எடுத்துக்கட்டும். கொடுத்தவங்களும் எடுத்துக்கலாம்.

5. போட்டோ வேண்டாம். பதிவேட்டுல பொருள் எண்ணிக்கை மட்டும் போதும். வாங்கினவங்க பேர் வேண்டாம்.

'அப்போ கிழிஞ்சதை என்ன பண்றது?'ன்னு பின்னால ஒரு அக்கா கேக்கறாங்க. கரித்துணிக்கு ஆகும்க்கா, மெக்கானிக் கடையில எண்ணெய் துடைக்க ஆகும். காவிரியில மட்டும் விட வேண்டாம். படித்துறையில காலைச் சுத்துற துணியெல்லாம் நாம விட்டதுதான்.

மூட்டை கட்டும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குங்க: 'நாளைக்கு இது என் கைக்கே வந்தா, நான் உடுத்துவேனா?' ஆமான்னு மனசு சொன்னா முடிச்சுப் போடுங்க. இல்லைன்னா பிரிச்சு எடுத்துடுங்க.

புயல் எந்த வருஷம் எந்தத் தெருவுக்கு வரும்னு யாருக்கும் தெரியாது. இன்னைக்குக் கொடுக்கிற கைதான் நாளைக்கு வரிசையில நிக்கும். நான் நின்னிருக்கேன்.