திட்டும் முன் சோதியுங்கள்

வரதராஜன்பேட்டையில் முந்திரித் தோப்புக்கு நடுவே வளரும் ஒரு பிள்ளை, கேட்ட கதையை அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைப் பிரித்தால் 'படம்' என்பதைப் 'பட்டம்' என்பான். இப்படியே தொடர்ந்தால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளில் இதுவும் ஒன்று.

சோதனையில் முதலில் கண்ணையும் காதையும் பார்ப்பார்கள். அடுத்து அறிவுத்திறன் சோதனை. பிறகு உளவியலாளர் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் ஆராய்வார். 2018 அரசு வழிகாட்டுதல்படி 8 வயது முதல் சான்றிதழ் பெற முடிந்தது; 14, 18 வயதுகளில் மறுசோதனை இருந்தது. சான்றிதழைக் காட்டிப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம்.

சந்தேகம் இருந்தால் இன்றே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் வழிகாட்டுவார். சீக்கிரம் கண்டறிந்தால் பிள்ளை நிச்சயம் முன்னேறும்.