கொடியிலே ஏர் எங்கே?

(எலவனாசூர்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லும் கரும்பும் விளைவிக்கும் கைகள் உங்கள் கைகள். அந்தக் கைகளுக்கு எந்தக் கொடியிலே இடம் இருக்கிறது?

கடல் கடந்து பாருங்கள். அமெரிக்காவிலே கன்சாஸ், கோதுமை விளையும் மாநிலம். அடிமை முறை வேண்டுமென்போரும் வேண்டாமென்போரும் மோதிக் குருதி சிந்திய மண், 1861இல் அடிமையற்ற மாநிலமாய் எழுந்தது. உழவர் களையென வெறுத்த சூரியகாந்தி 1903இல் மாநில மலராயிற்று. 'சூரியகாந்தி மாநிலம்' என்பதே அதன் செல்லப்பெயர். 1927இல் ஏற்ற கொடியிலே அம்மலர் உண்டு. அதன் கீழே முத்திரையில், குதிரை பூட்டி ஏர் உழும் உழவனும் உண்டு!

இங்கே? தஞ்சையை நெற்களஞ்சியம் என்று புகழ்ந்தோம். சோழன் கொடியில் புலி, பாண்டியன் கொடியில் மீன், சேரன் கொடியில் வில். களஞ்சியத்தை நிரப்பியவனோ கொடிக்கு வெளியே!

பெயருக்கே எத்தனை போராட்டம்! 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றத் தீர்மானம். 1969இல் தமிழ்நாடு பிறந்தது. 1970இல் கலைஞர், மூவண்ணமும் கோபுரச் சின்னமும் தாங்கிய மாநிலக் கொடியை முன்மொழிந்தார். அது ஏறவில்லை. 1974இல், விடுதலை நாளன்று கோட்டையில் தேசியக் கொடியேற்றும் உரிமையை முதலமைச்சருக்குப் பெற்றுத் தந்தார்.

"தனிக் கொடியா? பிரிவினை!" என்பார்கள். கொடி ஏற்றியதால் கன்சாஸ் பிரிந்தா போயிற்று? நம் அரசமைப்பிலே மாநிலக் கொடிக்குத் தடைவிதி உண்டா? இல்லையே!

கேட்போம் கொடியை, கோபுரத்தின் அருகே ஏரும் பொறித்த கொடியை! சங்கரலிங்கனார் மறைந்து பதின்மூன்றாம் ஆண்டில் பெயர் வந்தது. கொடியும் வரும், கேட்கும் குரல் ஓயாதிருந்தால்!