தொகுதியும் உறுப்பினரும்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்கு 234 தொகுதிகளிலிருந்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பெறுகின்றனர். சட்டம் இயற்றுதலும், வரவு செலவுத் திட்டத்தை ஆராய்தலும், கேள்வி நேரத்தில் அமைச்சர்களை வினவுதலும் அவர்தம் கடமைகளாம். ஆயினும் அக்கடமை மன்ற வாயிலோடு முடிந்துவிடுவதன்று.

நான் தலைமையாசிரியனாய் இருந்த ஊரில், பிள்ளைகள் ஓடையொன்றைக் கடந்தே பள்ளிக்கு வரவேண்டியிருந்தது. பாலம் வேண்டித் தொகுதி உறுப்பினரிடம் மனுக் கொடுத்தோம். சில திங்கள் கழித்து அவர் தாமே வந்தார். "இவ்வாண்டு நிதி இல்லை என விடை கிடைத்துள்ளது, அடுத்த ஆண்டும் கேட்பேன்" என்று, ஆலமரத்தடியில் கூடியிருந்தோரிடம் மறைக்காமல் உரைத்தார். சிலர் சினந்தனர். முதியவர் ஒருவரோ, "இல்லை என்று சொல்வதற்கும் வந்தாரே!" என்றார். அம்மழைக்காலத்தில் ஊர்ப் பெரியோர் முறைவைத்துப் பிள்ளைகளை ஓடை கடத்திவிட்டனர். பொய்யான உறுதியை நம்பியிருந்தால் அவ்வேற்பாட்டைச் செய்திருக்கமாட்டோம். பாலம் பின்னரே வந்தது.

1989 முதல் 18 வயது நிரம்பியோர்க்கு வாக்குரிமை உண்டு. உங்களுள் பலர் விரைவில் வாக்காளர் ஆவீர்கள். வாக்களித்தல் ஒருநாட் பணி. ஊரின் குறையை உறுப்பினர்க்கு எழுதுதலும், அவர் தரும் விடையைப் பொறுமையோடு கேட்டலும் ஐந்தாண்டுப் பணியாகும். அதனை இன்றே பழகுங்கள்.