இலையைப் பார்த்து நோயறிதல்



வீட்டு விறாந்தையில் முதன்முறையாகச் சாடிச்செடி வளர்ப்போர், இலை மஞ்சளித்ததும் நீரையும் பசளையையும் மேலும் இடுகின்றனர். பல செடிகள் இதனாலேயே மடிகின்றன.

முதலில் மண்ணுள் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். மார்கழி மழையில் நமுனுகுல மூடுபனிக்குள் இருக்கையில் சாடிமண் எளிதிற் காயாது. நெல் நீரில் நிற்கும். பெரும்பாலான சாடிச்செடிகள் நில்லா. மண் ஈரமாயிருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகின்றது எனக் கொள்க. நீரை நிறுத்தி, அடைபட்ட அடித்துளையைத் திறவுங்கள்.

மண் சீராயிருந்தால் இலையின் வயதை நோக்குங்கள். அடியிலைகள் முதலில் மஞ்சளித்தல் பெரும்பாலும் நைதரசன் குறைவு. இளவிலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பசுமையாயிருத்தல் இரும்புச்சத்துக் குறைவு. ஓரம் கருகுதல் நீர்க்குறைவாலோ பசளை மிகுதியாலோ நேரும்.

பின்னர் இலையைத் திருப்புங்கள். நுண்ணிய வலை தென்படின் அது சிற்றுண்ணி. செடியைத் தனியே வைத்து இலைகளை நீரால் நன்கு கழுவுங்கள்.

அடிப்புறத்தை அலட்சியம் செய்யாதீர். 1869ஆம் ஆண்டில் நமது ஊவாவின் மடுல்சீமையில், கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சட் பொட்டுகளாகத் தோன்றிய துருநோயே பின்னர் இலங்கையின் கோப்பித் தொழிலை வீழ்த்தியது.

மரக்கறித் தோட்டத்திலும் ஒழுங்கு இதுவே: முதலில் மண், அடுத்து இலையின் வயது, பின்னர் அடிப்புறம். மருந்து இறுதியிலேயே.