திருட்டு வலையும் தூண்டில்காரர் பிழைப்பும்
(மீன்பிடித் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு எடுத்துக்கொண்ட விஷயம் சட்ட விரோதமான மீன்பிடிப்பு. அதிலும், கடலில் தூண்டில் போட வருகிற உல்லாசப் பிரயாணிகளை நம்பிப் பிழைக்கும் ஜனங்களை அது எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

"வசதியுள்ளவன் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறான். அது நின்று போனால் தொழிலாளிக்கு என்ன நஷ்டம்?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தூண்டில் போடுகிறவனுக்கு அது பொழுதுபோக்கு. ஆனால் அவனைப் படகில் ஏற்றிச் செல்லும் படகோட்டிக்கும், கூடப் போகும் உதவியாளுக்கும், இரை விற்பவருக்கும், விடுதி அறையைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கும் அதுவே சோறு. கடலில் மீன் இல்லை என்ற பேச்சு பரவினால் பிரயாணி வேறு ஊருக்குப் போய்விடுவான். படகோட்டி எங்கே போவான்?

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

ஒரு மீன், இரண்டு கூட்டம்

மேரிலாந்து, வர்ஜீனியா என்ற இரு மாகாணங்களுக்கு நடுவே செசபீக் வளைகுடா இருக்கிறது. ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளம். அங்கே பேர்போன மீன் 'ஸ்டிரைப்டு பாஸ்'. உடம்பில் ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடுவதால் நாம் வரிமீன் என்று சொல்லிக்கொள்வோம். கடலில் வளர்ந்து, வசந்த காலத்தில் ஆற்று நன்னீருக்குள் ஏறி முட்டையிடும் ஜாதி அது. அந்தக் கரையோரம் முழுவதிலும் திரிகிற வரிமீனில் பெரும்பகுதி இந்த வளைகுடாவின் ஆறுகளில் பிறந்ததுதான். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வர ஆறேழு வருஷமாகும். பிடிபடாமல் தப்பினால் முப்பது வருஷம்கூட உயிர் வாழும்.

இந்த ஒரே மீனை நம்பி இரண்டு கூட்டம் பிழைக்கிறது. ஒன்று, வலை போட்டுப் பிடித்து விற்கும் மீனவர்கள். மற்றொன்று, தூண்டில்காரர்களை வாடகைப் படகில் அழைத்துப் போகிறவர்கள். இவர்கள் அவர்களைக் குற்றம் சொல்லுவார்கள். அவர்கள் இவர்களைக் குற்றம் சொல்லுவார்கள். இந்தச் சண்டையில் லாபம் அடைந்தவன் யார் என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

வயிற்றைக் கட்டி மீட்ட செல்வம்

1973-ல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் வியாபாரத்துக்காகப் பிடித்த வரிமீன் 1 கோடியே 47 லட்சம் ராத்தல். பத்தே வருஷம் கழித்து, 1983-ல், அது 35 லட்சம் ராத்தலாகச் சரிந்தது. நாலில் ஒரு பங்குகூட இல்லை! அளவு கடந்து பிடித்ததும், முட்டையிடும் ஆறுகள் கெட்டதும் காரணம் என்றார்கள்.

1984-ல் மத்திய சர்க்கார் இந்த மீனுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1985-ல் மேரிலாந்து மாகாணம் வரிமீன் பிடிப்பதை அடியோடு தடை செய்தது. வலைக்காரனுக்கும் தடை; தூண்டில்காரனுக்கும் தடை. தடைக்காலம் என்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு அது இரண்டு மாதமல்ல, ஐந்து வருஷம்.

பலன் கிடைத்தது. மீன் பெருகியது. 1990-ல் அளவோடு மறுபடி திறந்தார்கள். 1995-ல் இனம் முழுவதும் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். பிரயாணிகள் திரும்பி வந்தார்கள். இந்தச் செல்வத்தை மீட்டவர்கள், வலையையும் தூண்டிலையும் மூட்டை கட்டி வைத்துக் காத்திருந்த உழைப்பாளிகள். இதை மறந்துவிடாதீர்கள். இனி வருகிற திருட்டு, அவர்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த சொத்தில் நடந்த திருட்டு.

கடலில் பாதி, கணக்கில் பாதி

மறுபடி திறந்தபோது கட்டுப்பாடுகள் வைத்தார்கள். ஒவ்வொரு மீனவனுக்கும் இத்தனை ராத்தல் என்று பங்கு உண்டு. பிடித்த ஒவ்வொரு மீனிலும் சர்க்கார் கொடுத்த அடையாள வில்லையைக் கோர்க்க வேண்டும். எடைச் சாவடியில் நிறுத்துக் கணக்கு எழுத வேண்டும். செவுள் வலையை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுக் கரைக்குப் போகக் கூடாது. நீரோட்டத்தோடு மிதக்கவிட்டு ஆள் கூடவே இருக்க வேண்டும். நிறுத்திப் போட்ட வலை இரவும் பகலும் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும் அல்லவா? அதனால்தான் அந்த விதி.

2011 பிப்ரவரியில் என்ன நடந்தது? குளிர்காலத்தில் மீன் ஆழத்தில் கூட்டமாக ஒதுங்கும் சமயம். கென்ட் தீவுக்கு அருகில் ரோந்து போன காவலர்கள் தண்ணீருக்கடியில் நங்கூரமிட்ட திருட்டு வலைகளைக் கண்டார்கள். இழுத்தபோது வந்தது 10 டன்னுக்கு மேற்பட்ட வரிமீன்!

வழக்கு நடந்தபோது வெளிவந்தது அதைவிடப் பெரிய கதை. 2007 முதல் 2011 வரை ஒரு சிறு கூட்டம் 1 லட்சத்து 85 ஆயிரம் ராத்தலுக்கு மேல் சட்ட விரோதமாகப் பிடித்து வெளி மாகாணங்களுக்கு அனுப்பியிருக்கிறது. மதிப்பு ஏறக்குறைய 5 லட்சம் டாலர். கூட்டத்தின் தலைவனுக்கு 18 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதற்கு முன்பே, 2003-ல் தொடங்கி, அதிகாரிகள் வியாபாரிகளைப் போல வேஷம் போட்டு போடோமாக் ஆற்றுப் பக்கம் துப்புத் துலக்கியிருந்தார்கள். அப்போது தெரிந்த தந்திரத்தைக் கேளுங்கள். எடைச் சாவடியில் மீனின் எடையைக் குறைத்து எழுதுவார்கள். எண்ணிக்கையைக் கூட்டி எழுதுவார்கள். ஏன்? எடை குறைந்திருந்தால் பங்கு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். எண்ணிக்கை கூடியிருந்தால் வில்லை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே "வில்லை போதவில்லை" என்று சர்க்காரிடம் கேட்டு இன்னும் வாங்கலாம்! ஆக, திருட்டில் பாதி கடலில் நடந்தது. மற்றப் பாதி காகிதத்தில் நடந்தது.

அந்த மீனை வாங்கியது யார்? இங்கேதான் நான் முன்னே வைத்த கேள்விக்குப் பதில் இருக்கிறது. தலைநகர் வாஷிங்டனிலேயே கடை வைத்திருந்த மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்று, அளவு மீறிய மீனைத் தெரிந்தே வாங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டது. வலைக்காரனும் தூண்டில்காரனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் நடுவில் நின்று பெட்டி பெட்டியாக ஏற்றியவன் அவன். வாங்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் 10 டன் மீனைத் திருடி எவன் என்ன செய்ய முடியும்? வீட்டில் குழம்பு வைக்கவா?

தண்டம் யாருக்கு?

திருட்டு வலை கிடைத்ததும் மேரிலாந்து சர்க்கார் அந்த மாதத்து வலைத் தொழிலையே நிறுத்தி வைத்தது. திருடியவர்கள் சிலர். வலையைச் சுருட்டி வைத்தவர்களோ ஒழுங்காகத் தொழில் செய்த அத்தனை பேரும்! வாடகைப் படகுக்காரனுக்கு அடி மெதுவாக வரும், ஆனால் நெடுங்காலம் வலிக்கும். முட்டையிடும் பெரிய மீன் ஒன்று போனால் போகிற நஷ்டம் அந்த வருஷத்தோடு முடிவதில்லை.

மீன் விலையை மட்டும் பார்த்தால் நஷ்டம் முழுவதும் தெரியாது. சந்தையில் ஒரு மீன் ஒரு முறைதான் விலை போகும். அதே மீனைத் தேடித் தூண்டில்காரன் வரும்போது படகு வாடகை, எண்ணெய், இரை, சாப்பாடு, அறை என்று பத்துக் குடும்பத்துக்குக் கூலி பிரிகிறது. பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட்டால் அதே மீனுக்காக இன்னொருவனும் வருவான்.

ஒரு பக்கமாகப் பேசக் கூடாது

தோழர்களே, மீன் குறைவதற்கெல்லாம் திருட்டு வலை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 2019-ல் வெளியான கணக்கெடுப்பு, வரிமீன் மறுபடியும் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்லிற்று. 2029-க்குள் மீட்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். மேரிலாந்தில் 1954 முதல் ஒவ்வொரு வருஷமும் இழுவலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். ஓர் இழுப்புக்குச் சராசரி 11 குஞ்சு வர வேண்டிய இடத்தில் 2023-ல் 1, 2024-ல் 2 என்று வந்தது. குளிர்காலம் வெதுவெதுப்பாகி, வசந்தத்தில் ஆற்று நீர்வரத்து குறைந்தது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

இன்னொரு வாஸ்தவத்தையும் சொல்ல வேண்டும். இன்று அந்த மீனில் பெரும்பங்கைக் கொல்வது தூண்டில்தான். விட்டுவிட்ட மீனிலும் நூற்றுக்கு 9 செத்துப் போவதாகக் கணக்கு வைக்கிறார்கள். 1990 முதல் கரையிலிருந்து 3 மைலுக்கு அப்பால் வரிமீன் பிடிக்கத் தடை உண்டு. பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அந்த எல்லையைத் தாண்டிய வர்ஜீனியா படகோட்டிகள் மீதும் வழக்கு நடந்திருக்கிறது. ஆகவே வலைக்காரன் எல்லாம் திருடன், தூண்டில்காரன் எல்லாம் யோக்கியன் என்று பேசுவது தப்பு.

ஆனால் இதனாலேயே திருட்டு வலை அற்ப விஷயமாகிவிடாது. 2024-ல் வளைகுடாவில் தூண்டில்காரனுக்கு ஒரு நாளைக்கு ஒரே மீன், அதுவும் 19 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் உட்பட்டது என்று கட்டுப்படுத்தினார்கள். வசந்த காலப் பெரிய மீன் பருவத்தையே மேரிலாந்து ரத்து செய்தது. வாடகைப் படகுக்காரர்களுக்கு அந்தச் சில வாரங்கள் பெரிய வருமானம். இப்படி ஒவ்வொரு மீனும் எண்ணப்படுகிற காலத்தில், கணக்கில் வராத ஒரு டன் என்பது உழைப்பாளியின் தட்டிலிருந்து நேரடியாகப் பிடுங்கியது. கணக்கே பொய்யானால் சர்க்கார் வைக்கிற அளவும் பொய்யாகும். அப்புறம் எத்தனை தியாகம் செய்தாலும் மீன் மீளாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, காவல் கடலோடு நிற்கக் கூடாது. எடைச் சாவடிக்கும், குளிர்பதனக் கிடங்குக்கும், வியாபாரியின் பேரேட்டுக்கும் போக வேண்டும். வலையைப் பறிமுதல் செய்வது சுலபம். வாங்கினவனைப் பிடிப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைச் சர்க்கார் பட வேண்டும்.

இரண்டாவது, எடைக் கணக்கு வியாபாரியும் உத்தியோகஸ்தரும் மட்டும் பார்க்கிற ரகசியமாக இருக்கக் கூடாது. வலைக்காரரின் சங்கமும் படகோட்டிகளின் சங்கமும் போய்ப் பார்க்க உரிமை வேண்டும்.

மூன்றாவது, ஒரு சிலர் செய்த குற்றத்துக்காகத் தொழிலையே மூடினால், குற்றம் செய்யாதவர்களுக்கு நிவாரணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய யோக்கியனையும் நாளைக்குத் திருட்டு வலைக்கு நாமே தள்ளினவர்களாவோம்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: வலைக்காரரும் தூண்டில் படகுக்காரரும் ஒரே மேடையில் உட்கார வேண்டும். இரவில் எந்தப் படகு எங்கே போகிறது, எந்த லாரி எப்போது ஏற்றுகிறது என்பது ரோந்துப் படகுக்குத் தெரிவதற்கு முன்பே கரையில் இருக்கிற உழைப்பாளிக்குத் தெரியும். இரு கூட்டமும் ஒன்றாக வாய் திறந்தால் திருட்டு மீனுக்கு லாரி கிடைக்காது.

ஐந்து வருஷம் பொறுத்திருந்து ஒரு மீன் இனத்தையே மீட்டுக் காட்டியவர்கள் அவர்கள். மீனைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு, அதைத் திருடுகிறவனையும் வாங்குகிறவனையும் தடுக்கத் தெரியாதா என்ன? இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள், தோழர்களே.